உப்பு வெளி ஓட்டமும் எஞ்சின் விதிகளும்

கல்லூரி மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளிலே, மைதானத்தின் ஓரத்தில் மேசையிட்டு அமர்ந்திருக்கும் ஆசிரியரை நாம் யாவரும் அறிவோம். ஓட்டம் தொடங்கு முன்னரே அவருடைய வேலை தொடங்கிவிடும். பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட வந்த மாணவன் மெய்யாகவே அவ்வயதுக்கு உட்பட்டவன்தானா என்பதைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து முடிவுசெய்பவர் அவரே. இரண்டு கிழமை வயது கூடியமையால் மேற்பிரிவிலே தள்ளப்பட்டு, அவர்மீது மனம் புழுங்கிய மாணவர் எக்காலத்திலும் உளர். ஆயினும் ஆண்டுகள் பல கழிந்தபின் எண்ணிப் பார்க்குமிடத்து, மண்டபத்துச் சாதனைப் பலகையிலே பொறிக்கப்பட்டுள்ள பெயர்களுக்குப் பெறுமதி தந்தவர் ஓடியவர் மாத்திரமல்லர், அம்மேசையருகே இருந்தவருமே என்பது புலனாகும்.

மனிதருக்குரிய இவ்வழக்கம் இயந்திரத்துக்கும் பொருந்துமோ? பொருந்தும் என்று காட்டியவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாகத்திலே, பரிசுப் பணம் எதனையும் நாடாது, தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தரைவேகப் பந்தயம் நடத்திவரும் ஆர்வலர்கள். எந்த எஞ்சின் எந்தப் பிரிவில் ஓடலாம் என்பது பற்றி அவர்தம் விதிநூல் கூறும் பகுதி மிக நுணுக்கமானது. அதனைப் படிப்போர் முதலிற் சலிப்படைதல் கூடும். பொறுமையோடு படிப்பாராயின், ஒரு சமுதாயம் தன் முன்னோரின் உழைப்பை எவ்வாறு மதித்துப் பேணுகின்றது என்பதை அப்பகுதியிலே காண்பர். அதனைச் சிறிது விளக்குதலே ஈண்டு எமது நோக்கம்.

நீர் வற்றிய ஏரிகள்

தரைவேகப் பந்தயம் நாம் பொதுவாக அறிந்த மோட்டார்ப் பந்தயம் போன்றதன்று. வளைவுகள் இல்லை; ஒருவரையொருவர் முந்துதலும் இல்லை. நேரான நெடும் பாதையிலே ஒரு வண்டி தனித்து ஓடும். குறித்த தூரத்தை அது கடக்கும் காலத்தைக் கருவிகள் கணிக்கும். ஆதலின் ஓட்டுபவனுக்கு எதிரி அருகில் ஓடும் மற்றொருவன் அல்லன். அவனுக்கு முன் அவ்வழியே ஓடிச் சென்றவன் ஏட்டிலே விட்டுச்சென்ற ஓர் எண்ணே அவனுடைய எதிரி. அந்த எண்ணை விட்டவன் நேற்று ஓடியவனாகவும் இருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓடி மறைந்தவனாகவும் இருக்கலாம்.

இதன் தொட்டில் கலிபோர்னியாவின் மொகாவிப் பாலைவனம். அங்கே முரொக் முதலிய ஏரிகள் நீர் வற்றிக் களிமண் தளங்களாய்ப் பரந்து கிடந்தன. அருகிலுள்ள நகரங்களின் இளைஞர் தம் பழைய போர்ட் வண்டிகளின் மட்காட்டையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு, அத்தளங்களிலே வேகம் பார்த்தனர். தொடக்கத்திற் பல வண்டிகள் அணிவகுத்து ஒருங்கே ஓடின. முன்செல்லும் வண்டி எழுப்பும் புழுதியிற் பின்செல்பவன் கண் தெரியாது ஓடிய அவ்வழக்கம் உயிருக்கே உலையாயிற்று. 1937ஆம் ஆண்டிலே கழகங்கள் பல ஒன்றுகூடித் தென் கலிபோர்னியக் காலக்கணிப்புச் சங்கத்தை நிறுவி, ஓட்டத்துக்கு ஒழுங்கும் விதியும் வகுத்தன. உலக யுத்தம் ஓட்டங்களை நிறுத்தியது. முரொக் ஏரி விமானத் தளமாயிற்று. யுத்தம் முடிந்தபின் எல் மிராஜ் என்னும் வற்றிய ஏரி அவர்தம் களமாயிற்று. 1949ஆம் ஆண்டு தொடக்கம், யூட்டா மாநிலத்தின் மேற்கெல்லையிலுள்ள பொனவில் உப்பு வெளியிலே ‘வேக வாரம்’ என்னும் பெருவிழாவும் நடைபெறலாயிற்று. மாரியில் நீர் மூடிக் கோடையிற் காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாறை போற் கிடக்கும் உப்புத் தளம் அது.

ஓடியோருள்ளே பலர் கராஜ் தொழிலாளர். பலர் யுத்தத்திலிருந்து மீண்ட இளைஞர். அவருள் ஒருவரான பில் பேர்க் என்பார், போர் விமானத்தின் வயிற்றின்கீழ்த் தொங்கவிடப்படும் எரிபொருட் தாங்கியின் வடிவம் காற்றைக் கிழித்துச் செல்லுதற்கு ஏற்றதெனக் கண்டு, 1946ஆம் ஆண்டிலே அத்தகைய தாங்கியொன்றுக்கு எஞ்சினும் சில்லுகளும் பூட்டி ஓட்டினார். யுத்தத்தின் எச்சப் பொருள் வேகத்தின் உடலாயிற்று. இத்தகைய மனிதரிடையே எழுந்த விதிகளே யாம் கூறப்போகும் விதிகள்.

கொள்ளளவு என்னும் அளவுகோல்

எஞ்சின்களை வகுக்கும் முதல் அளவு உருளைக் கொள்ளளவு. உருளையினுள் ஆடுதண்டு கீழிருந்து மேற்செல்லும்போது தள்ளும் இடத்தின் கன அளவே அது. உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பை ஆடுதண்டின் ஓட்டத் தூரத்தாற் பெருக்கி, உருளைகளின் தொகையாலும் பெருக்குக. எட்டு உருளை கொண்ட 1932ஆம் ஆண்டுப் போர்ட் எஞ்சினிலே உருளை விட்டம் 3 1/16 அங்குலம், ஓட்டம் 3 3/4 அங்குலம். கணித்துப் பார்க்கும் மாணவர் 221 கன அங்குலம் எனக் காண்பர்.

கொள்ளளவு பெரிதாயின் ஒரே சுற்றிலே கூடிய காற்றும் எரிபொருளும் உட்புகும், வலுவும் கூடும். ஆகவே பெரிய எஞ்சினையும் சிறிய எஞ்சினையும் ஒரே எண்ணோடு மோதவிடுதல், மேற்பிரிவு மாணவனையும் பாலர் வகுப்புச் சிறுவனையும் ஒரே கோட்டில் நிறுத்துதலை ஒக்கும். இதனால் 501 கன அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை ‘ஏஏ’ எனவும், 440க்கு மேல் 501க்குள் உள்ளவை ‘ஏ’ எனவும் தொடங்கி, 261 தொடக்கம் 306க்குள் ‘டி’, 184 தொடக்கம் 261க்குள் ‘ஈ’ என இறங்கி, அரை லீற்றர் எஞ்சினுக்குரிய ‘கே’ வரை படிகள் அமைந்துள்ளன.

இதன் பயன் நோக்கத்தக்கது. மேற்கூறிய 221 கன அங்குல எஞ்சினின் உருளையைக் கடைந்து 3 3/8 அங்குலமாக்கி, ஓட்டத்தையும் 4 1/8 அங்குலமாக்கினால், கொள்ளளவு ஏறத்தாழ 295 ஆகிவிடும். கொள்ளளவை மாத்திரம் நோக்கின், ‘ஈ’ பிரிவிலிருந்த எஞ்சின் ‘டி’ பிரிவுக்கு ஏறிவிடுகின்றது. வலுவைப் பெருக்கியவன் அதற்குத் தக்க பெரிய எதிரியையும் ஏற்றல் வேண்டும். மறுபுறத்திலே, ஒரே வண்டி பல எஞ்சின்களோடு பல பிரிவுகளில் ஓடவும் இவ்விதி இடமளித்தது. அலெக்ஸ் சைடியாஸ் என்பாரின் தாங்கி வண்டி சிறிய எஞ்சினோடு ஒரு பிரிவிலும் பெரிய எஞ்சினோடு வேறொரு பிரிவிலும் ஓடி, 1952ஆம் ஆண்டிலே மணிக்கு 198 மைல் வேகம் கண்டது.

கொள்ளளவு ஒன்றே போதுமோ எனின், போதாது. காற்றை எஞ்சினுள் வலிந்து திணிக்கும் ஊதுகருவி பூட்டப்பட்டதாயின் அது வேறு பிரிவு. சாதாரண பெற்றோலில் ஓடுவது ஒரு பிரிவு. அற்ககோல், நைத்திரோமெதேன் முதலியவற்றில் ஓடுவது மற்றொரு பிரிவு. எரிபொருள் எஞ்சினின் இயல்பையே மாற்றவல்லது என்பதை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுகளின் முற்பாதியிலே பெற்றோல் கிடையாதிருந்த யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டிய கைவினைஞரை நாம் அறிவோம். அவ்வெஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவாயிருந்தமையே அதற்குத் துணைசெய்தது. உப்பு வெளியில் ஓடுவோர் இதற்கு நேர்மாறான திசையிலே, அமுக்கத்தையும் எரிபொருளின் வீறையும் ஏற்றிச் செல்கின்றனர், அவ்வளவே வேறுபாடு.

பிரிவுகள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1965 நவம்பர் 12ஆம் தேதி, சமர்ஸ் சகோதரர் அமைத்த ‘கோல்டன்றொட்’ என்னும் நீண்ட வண்டி, ஊதுகருவியில்லாத நான்கு கிறைஸ்லர் எஞ்சின்களின் வலுவால் மணிக்கு 409.277 மைல் வேகம் பெற்றது. 1991ஆம் ஆண்டிலே அல் டீக் என்பார், தாமே அமைத்த வண்டியில், ஊதுகருவி பூட்டிய ஒரேயொரு எஞ்சினைக் கொண்டு 409.986 மைல் ஓடினார். வேறுபாடு ஒரு மைலுக்கும் குறைவு. ஒரே பட்டியலாயின் பழைய பெயர் அழிந்து புதிய பெயர் எழுதப்பட்டிருக்கும். பிரிவுகள் இருந்தமையால், ஒன்றைக் கொண்டு நான்கின் வேலையைச் செய்தவர்க்கும் புகழ் கிடைத்தது. ஊதுகருவியின்றி ஓடியவர்க்குரிய இடமும் 2010ஆம் ஆண்டு வரை நிலைத்தது. அவ்வாண்டிலே ஊதுகருவியில்லாத வேறொரு வண்டி 414 மைலைக் கடந்தபோதுதான் அவ்விடம் நேர்மையாகக் கைமாறியது.

தட்டைத்தலை எஞ்சின்

இனி, இவ்விதிநூலின் இதயம் என்று யாம் கருதும் பகுதிக்கு வருவோம். 1932ஆம் ஆண்டிலே ஹென்றி போர்ட் வெளியிட்ட வி-8 எஞ்சின், எட்டு உருளைகளையும் ஒரே வார்ப்பிலே கொண்டது. 65 பரிவலு தந்தது. செல்வந்தர் வண்டிகளுக்கே உரியதாயிருந்த எட்டு உருளை வலுவை, 500 டொலருக்குக் குறைந்த விலை வண்டியிலும் அது கொண்டுவந்து சேர்த்தது. அதன் வால்வுகள் உருளைக்குப் பக்கத்திலே வார்ப்பினுள் அமைந்திருந்தமையால், மேலே மூடும் தலை வெறுந் தட்டையான மூடியாயிற்று. ஆதலின் ‘தட்டைத்தலை’ என்பது அதன் செல்லப்பெயர்.

குறைகள் அதற்குப் பல. எரிந்த வாயு வெளியேறும் வழி வார்ப்பினூடாகவே சென்று குளிர்நீரைக் கொதிக்கச் செய்தது. நடுவிலுள்ள இரு உருளைகள் ஒரே வாயிலாற் புகை விட்டன. வார்ப்பு வெடித்தலும் வழக்கம். எனினும் அது மலிவாய்க் கிடைத்தது. பழைய இரும்புக் கடைகளிலெல்லாம் கிடந்தது. எளியவன் அதனை வாங்கிக் கடைந்து, தலையைச் சீவி, கூடுதலான காபுறேற்றர்களைப் பூட்டி, தன் அறிவின் எல்லை வரை அதனோடு மல்லாடினான். 1950ஆம் ஆண்டிலேயே இத்தகைய எஞ்சின் பூட்டிய வண்டிகள் பொனவிலில் 200 மைலைக் கடந்தன.

பின்னர் காலம் மாறிற்று. 1949இல் கடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் என்பனவும், 1951இல் கிறைஸ்லரும், 1955இல் செவ்ரலேயும் தலையின் மேல் வால்வு அமைந்த புதிய வி-8 எஞ்சின்களை வெளியிட்டன. 1953ஆம் ஆண்டோடு அமெரிக்கப் போர்ட் கார்களில் தட்டைத்தலையின் காலம் முடிந்தது. அதே கொள்ளளவுள்ள புதிய எஞ்சினோடு அது ஓடி வெல்லுதல் இயலாது. விதி கொள்ளளவை மாத்திரம் நோக்கியிருப்பின், இருபது ஆண்டுகளாகப் பல்லாயிரம் கைகள் தேடிச் சேர்த்த அறிவு முழுவதும் ஓரிரு பருவங்களிற் பழைய இரும்பாகிக் கழிந்திருக்கும்.

அங்ஙனம் ஆகாமைப் பொருட்டுச் சங்கத்தார் பழம் எஞ்சின்களுக்கெனத் தனிப் பிரிவுகளை வகுத்தனர். 1932 தொடக்கம் 1953 வரையான போர்ட், மேர்க்குரி தட்டைத்தலை வி-8 எஞ்சின்களுக்கு ‘எக்ஸ் எப்’ என்பது பெயர். அதே எஞ்சினுக்கு மேல்வால்வுத் தலை பூட்டினால் அது ‘எக்ஸ் எக்ஸ் எப்’. பின்னாளிலே கோர்வெற் வண்டியின் வளர்ச்சியாற் பெயர்பெற்ற சோரா ஆர்க்கஸ்-டண்டொவ், தம் சகோதரரோடு சேர்ந்து ஆக்கிய ‘ஆர்டன்’ தலை இவ்வகையிற் புகழ்பெற்றது. அவர்தம் குடும்பப் பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 1935க்கு முற்பட்ட நான்கு உருளை எஞ்சின்களுக்கு ‘வி-4’ பிரிவும், அவற்றுள் பக்கவால்வோடே ஓடுவனவற்றுக்கு ‘வி-4 எப்’ பிரிவும் உள. பாட்டனார் காலத்து ‘மொடல் ஏ’ எஞ்சின் இன்றும் சாதனை படைத்தல் இதனாலேயே இயலுகின்றது.

எஞ்சினின் பிறப்புப் பத்திரம்

விதி வகுத்தல் எளிது, காத்தல் அரிது. வேக வாரத்திலே ஒருவன் தன் பிரிவுச் சாதனையை மீறி ஓடிவிட்டால், அவ்வளவில் அவன் வென்றவனாகான். வண்டி நேரே காவலிடத்துக்குச் செல்லும். அங்கே நான்கு மணி நேரம் மாத்திரமே அதில் வேலை செய்யலாம். மறுநாட் காலையில் மீண்டும் ஓடுதல் வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரி பழைய எண்ணை மீறினாலே சாதனை. அதன் பின்னும் எஞ்சின் அளக்கப்படும். பெற்றோற் பிரிவாயின் தாங்கிக்கு இட்ட முத்திரை குலையாதிருத்தல் வேண்டும். இவ்வளவும் செய்வோர் ஊதியம் பெறாத அங்கத்தவர். கடும் வெயிலிலே, உப்பின் கண்கூச்சத்திலே நின்று செய்கின்றனர்.

வென்றவன் பெறுவது யாது? பணமன்று. ஏட்டிலே ஒரு வரி. 200 மைலுக்கு மேற்பட்ட சாதனையாயின் 1953இல் தொடங்கிய இருநூறு மைற் கழகத்தின் அங்கத்துவமும் ஒரு சிவப்புத் தொப்பியும். அத்தொப்பிக்காக வீட்டையும் தொழிலையும் மறந்தோர் உளர் எனின், அதன் பெறுமதி துணியிலன்று, அதனைத் தந்த அளவையின் கண்டிப்பிலேயே தங்கியுள்ளது.

இக்கண்டிப்புக்குச் சான்றாக ஒரு வரலாறு கூறுவோம். நியூசீலாந்தின் இன்வெர்க்கார்கில் நகரத்தவரான பேர்ட் மன்றோ, ‘இந்தியன்’ என்னும் அமெரிக்க நிறுவனம் 1920இல் ஆக்கிய 600 கன சென்ரிமீற்றர் மோட்டார் சைக்கிளை வைத்திருந்தார். புதிதாக இருந்தபோது அது மணிக்கு 55 மைல் ஓடியது. பழைய உலோகத்தை உருக்கித் தாமே ஆடுதண்டுகளை வார்த்தும், பக்கவால்வை மேல்வால்வாக மாற்றியும் பல பத்தாண்டுகள் அதனோடு உழைத்தார். 1967 ஆகஸ்ட் 26ஆம் தேதி, தமது 68ஆம் வயதிலே, 950 கன சென்ரிமீற்றராகப் பெருகிய அவ்வெஞ்சினோடு, 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பிரிவிலே 183.586 மைல் என்னும் சாதனையை ஏற்படுத்தினார். 1978இல் அவர் காலமானார். பின்னர் அவருடைய மகனார் பழைய தாள்களைப் பார்த்தபோது, இரு ஓட்டங்களின் சராசரி தவறாகக் கணிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். 2014ஆம் ஆண்டிலே அமெரிக்க மோட்டார் சைக்கிட் சங்கம் அதனை 184.087 எனத் திருத்தியது. ஓடியவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின்னரும், அரை மைல் அவருக்குக் கடனாகவுள்ளதென்று ஒப்புக்கொண்டு அதனைச் செலுத்திய சங்கத்தை யாம் வணங்குகின்றோம்.

எது பழைய எஞ்சின்?

மன்றோவின் வரலாறு ஒரு கடினமான வினாவையும் எழுப்புகின்றது. ஆடுதண்டு புதிது, உருளை புதிது, வால்வு புதிது எனின், எஞ்சின் மாத்திரம் எவ்வாறு 1920ஆம் ஆண்டினதாகும்? தட்டைத்தலைப் பிரிவிலும் இவ்வினா உண்டு. பழைய வார்ப்புகள் ஆண்டுதோறும் வெடித்துக் குறைகின்றன. அமெரிக்காவில் அது கைவிடப்பட்ட பின்னரும், பிரான்சு நாட்டிலே இராணுவ வண்டிகளுக்காக அதே வகை எஞ்சின் நெடுங்காலம் வார்க்கப்பட்டது. அத்தகைய பிற்கால வார்ப்பையோ, பழைய அச்சைப் பார்த்து இன்று புதிதாய் வார்த்த ஒன்றையோ பழைய எஞ்சின் எனல் தகுமா?

தகாது என்பார் கூற்று வலியுடையது. புதிய வார்ப்பிலே இன்றைய உலோகத்தின் திண்மை உண்டு. பழையவன் வெடிப்புக்கு அஞ்சி நிறுத்திய இடத்தைப் புதியவன் அச்சமின்றிக் கடப்பான். அப்பொழுது எண்கள் ஒப்பிடத்தக்கன அல்ல. தகும் என்பார் கூற்றும் தள்ளத்தக்கதன்று. புதிய வார்ப்பை அறவே விலக்கினால், எஞ்சியிருக்கும் சில பழைய வார்ப்புகளைச் செல்வந்தர் வாங்கி அடுக்குவர். எளியவன் ஓடுதற்கு வழியிராது. எளியவனின் கைத்திறனுக்காக எழுந்த பிரிவு செல்வந்தரின் பொருட்காட்சியாகிவிடும்.

எமது ஊர்க் கோயிற் தேரை எண்ணிப் பார்ப்போம். சில்லு மாறும், அச்சு மாறும், மரம் உக்கினால் மரமும் மாறும். ஆயினும் சிற்பாசாரியார் பழைய அளவைப் பிழையாது செய்வாராயின், அது எம் பாட்டனார் வடம்பிடித்த தேரே. அளவை மாற்றி இலேசாய் ஓடுதற்கு இரும்புச் சட்டமும் டயரும் பூட்டினால், மரம் பழையதேயாயினும் அது வேறொரு தேர். பழமை பொருளிலன்று, அமைப்பைக் கட்டுப்படுத்தும் வரம்பிலேயே உள்ளது என்பது எமது கருத்து. பக்கவால்வும், வார்ப்பினூடே செல்லும் புகைவழியும், நடுவாயிலின் நெருக்கமும் ஆகிய அதே இடர்கள் இன்று ஓடுபவனையும் எதிர்கொள்ளுமாயின், அவன் முன்னோருடைய கணக்கையே செய்கின்றான். அவ்விடர்களை நீக்கியபின் பெயரை மாத்திரம் வைத்துக்கொள்வானாயின், அவனை வேறு பிரிவுக்கு அனுப்புதலே நீதி. விதிநூல் ‘எக்ஸ் எப்’ எனவும் ‘எக்ஸ் எக்ஸ் எப்’ எனவும் பிரித்ததும் இந்நெறி பற்றியே.

இப்பாரம்பரியம் என்றும் நிலைக்கும் என்று சொல்லுதற்கில்லை. பொனவிலின் உப்புப் படை மெலிந்து வந்துள்ளது. 2014, 2015, 2022ஆம் ஆண்டுகளில் நீராலும் உப்பின் நிலையாலும் வேக வாரம் நடைபெறவில்லை. எனினும் தென் அவுஸ்திரேலியாவின் கெயிட்னர் உப்பு ஏரியில் 1990 முதல் இதே நெறியிலே ஓட்டங்கள் நடைபெறுகின்றன. களம் மாறினும் ஏடு தொடர்கின்றது.

மாணவ நண்பர்களே! சாதனை என்பது முன்னோனை மறக்கச் செய்வதன்று. அவன் நின்ற அதே கோட்டில் நின்று, அவன் சுமந்த அதே பாரத்தைச் சுமந்து, ஓர் அடி கூட வைத்தேன் என்று அவனுக்கே அறிவித்தலாகும். கோடு பிழைத்தால் அவ்வறிவித்தல் பொய்யாகும். ஆதலின் அடுத்த போட்டி நாளிலே, மேசையருகே பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியரைக் காணும்போது முகஞ்சுளியாது செல்லுங்கள். உங்கள் பெயர் பலகையில் ஏறும் நாளில், அது ஐம்பது ஆண்டுகள் அங்கே தலைநிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய உரத்தை இடுபவர் அவரே.